ஃபோல்டரோட அப்லோட் பண்ணினா சைட் உடையுது, எது எங்க போகணும்?

கேள்வி (ஜூன் 3)

என் கம்ப்யூட்டர்ல இண்டெக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் பண்ணா சைட் அழகா திறக்குது. ஃபைல்ஜில்லாவுல முழு ஃபோல்டரையும் இழுத்து சர்வர்ல போட்டேன். இப்ப டொமைனை மட்டும் அடிச்சா 403 வருது. பின்னாடி ஃபோல்டர் பேரையும் சேர்த்து அடிச்சா முகப்பு வருது, ஆனா பாதி படம் இல்ல, "எங்களைப் பற்றி" பக்கத்துல டிசைனே வரல. ஒருத்தர் சொல்றார், ஃபோல்டரே வேணாம், எல்லா ஃபைலையும் ஒரே இடத்துல கொட்டிடு, பிரச்சனையே வராதுன்னு. அதான் வழியா?

—

ஜூன் 3, மாலை

கொட்டாதீங்க. அப்படிக் கொட்டினா இப்ப பாதி வர்ற படமும் வராது, ஏன்னா உங்க ஹெச்டிஎம்எல் ஒவ்வொண்ணும் "படங்கள் ஃபோல்டருக்குள்ள போய் எடு"ன்னுதான் எழுதியிருக்கும், ஃபோல்டரை எடுத்துட்டா அது எங்க போய் எடுக்கும்? அப்புறம் நூறு லிங்கை உக்காந்து மாத்தணும்.

சர்வருக்குள்ள லாகின் ஆனதும் நீங்க நிக்கிற இடம் வேற, சைட் பரிமாறப்படுற இடம் வேற. இது புரிஞ்சாலே பாதி சிக்கல் தீர்ந்துடும். லாகின் ஆனதும் மெயில், லாக்ஸ், டெம்ப் மாதிரி சில ஃபோல்டர் தெரியும், அதுங்க கூடவே பப்ளிக்_ஹெச்டிஎம்எல்னு ஒண்ணு இருக்கும். சில இடத்துல ஹெச்டிடாக்ஸ்னு இருக்கும், சில இடத்துல டபிள்யூடபிள்யூடபிள்யூ. நீங்களே வாடகைக்கு எடுத்து உபுண்டுவோ டெபியனோ போட்ட மெஷின்னா அப்பாச்சி (பக்கத்தைப் பரிமாறற சர்வர் மென்பொருள்) வழக்கமா /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல் ஃபோல்டர்ல தேடும். பேர் எதுவா இருந்தாலும் அதுக்கு டாக்குமெண்ட் ரூட்னு பேர். உங்க டொமைன் பேருக்குப் பின்னாடி வர்ற முதல் சாய்கோடு இருக்கே, அது இந்த ஃபோல்டரைத்தான் குறிக்குது. அதுக்கப்புறம் அட்ரஸ்ல வர்றதெல்லாம் (ஸ்டாடிக் சைட்ல, அதாவது ஃபைலை அப்படியே பரிமாறற சைட்ல) அந்த ஃபோல்டருக்குள்ள இருக்கற பாதை, அவ்ளோதான்.

நீங்க "என்சைட்"ங்கற ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டுட்டீங்க. அதனால பப்ளிக்_ஹெச்டிஎம்எல் உள்ள என்சைட், அதுக்குள்ள இண்டெக்ஸ். டொமைனை அடிச்சவுடனே சர்வர் ரூட்ல இண்டெக்ஸ் தேடுது, அங்க இல்ல, சரி ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் காட்டலாம்னா அதுக்கு அனுமதி இல்ல, அதனால 403. அந்த எண்ணைப் பாத்துட்டு பாஸ்வேர்டு தப்போ, அக்கவுண்ட் முடக்கிட்டாங்களோன்னு பயப்பட வேணாம்.

செய்ய வேண்டியது இதுதான். என்சைட் ஃபோல்டரைத் திறந்து, உள்ள நின்னு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லைத் திறந்து வெச்சுட்டு அதுக்குள்ள போடுங்க. உள்ளிருக்கற ஃபோல்டர்கள் (படங்கள், டிசைனுக்கான சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட்டுக்கான ஜேஎஸ்) எப்படி இருக்கோ அப்படியே போகட்டும், வெளித் தோல் மட்டும் வேணாம்.

—

ஜூன் 3, இரவு

ஸ்க்ரீன்ஷாட் பாத்தேன். பாதி படம் வராததுக்குக் காரணம் அதுலயே இருக்கு. ஃபோல்டர் பேர் பெரிய ஐ போட்டு "இமேஜஸ்", ஹெச்டிஎம்எல்ல சின்ன ஐ. சில படத்துக்கு எக்ஸ்டென்ஷன் பெரிய எழுத்துல ஜேபிஜி (கேமராவுல இருந்து வந்ததா இருக்கும்), ஆனா லிங்க்ல சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இது ரெண்டும் ஒண்ணுதான். மேக்ல வழக்கமா வர்ற அமைப்புலயும் ஒண்ணுதான். லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல், ஒரே ஃபோல்டர்ல பக்கத்துல பக்கத்துல கூட வெச்சுக்கலாம். ஹோஸ்டிங் சர்வர்ல பெரும்பாலானது லினக்ஸ். அதனாலதான் "என் மெஷின்ல வருதே"ங்கறது இந்த விஷயத்துல சாட்சியே இல்ல.

தமிழ்ல எழுதிப் பழகின நமக்கு இது இன்னும் கொஞ்சம் கண்ணுக்குத் தப்பும்னு நினைக்கிறேன், நம்ம எழுத்துல பெரிசு சின்னதுன்னு பேதமே இல்லையே, கண்ணு அதைத் தேடவே பழகல.

நான் வெச்சிருக்கற வழக்கம்: எல்லாப் பேரும் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதிலா சின்னக் கோடு (-). இடைவெளி விட்டா அட்ரஸ்ல அது %20 ஆயிடும், வேலை செய்யும்தான், ஆனா யாராவது அந்த லிங்கை மெசேஜ்ல ஒட்டும்போது நடுவுல அறுந்துடும். பேரை உங்க கம்ப்யூட்டர்லயே மாத்துங்க, லிங்கையும் அங்கயே மாத்துங்க, அப்புறம் அனுப்புங்க. சர்வர்ல போய் ஒரு ஃபைலுக்கு மட்டும் ரீநேம் போடாதீங்க. இதை நான் எல்லாருக்கும் சொல்லிட்டே இருக்கேன், சர்வர்ல கை வெச்சு சரி பண்ணது அடுத்த அப்லோட்ல அழிஞ்சு போகும், இல்லன்னா பழைய பேர்ல ஒண்ணு புதுப் பேர்ல ஒண்ணுன்னு ரெண்டு காப்பி நிக்கும், ஆறு மாசம் கழிச்சு எது அசல்னு யாருக்கும் தெரியாது. மூலம் உங்ககிட்ட, சர்வர்ல இருக்கறது அதோட நகல். ஓட்டம் ஒரு பக்கமாத்தான் இருக்கணும்.

—

ஜூன் 4, காலை

"எங்களைப் பற்றி" பக்கத்துக்கு ஏன் டிசைன் வரலன்னு நேத்து சொல்லாம விட்டேன், அது தனிக் கதை.

அந்தப் பக்கம் மட்டும் ஒரு உள் ஃபோல்டர்ல இருக்கு. அதுல சிஎஸ்எஸ் லிங்க் முன்னாடி சாய்கோடு போட்டு எழுதியிருக்கீங்க, மத்த பக்கத்துல சாய்கோடு இல்லாம. இந்த ஒரு கோடு என்ன பண்ணுதுன்னா:

கோடு இல்லாம "சிஎஸ்எஸ்/ஸ்டைல்"னு எழுதினா, இப்ப இருக்கற பக்கத்தோட ஃபோல்டர்ல இருந்து தேடு. ரெண்டு புள்ளி போட்டு "../சிஎஸ்எஸ்/ஸ்டைல்"னா ஒரு படி மேல ஏறி அங்கிருந்து தேடு. முன்னாடியே கோடு போட்டு "/சிஎஸ்எஸ்/ஸ்டைல்"னா, நீ எங்க இருந்தாலும் சரி, டொமைனோட ரூட்டுக்குப் போய் அங்கிருந்து இறங்கு.

உங்க சைட் இப்ப டொமைன்/என்சைட்னு ஒரு படி உள்ள உக்காந்திருக்கு. கோடு போட்ட லிங்க் டொமைனோட ரூட்ல சிஎஸ்எஸ் ஃபோல்டரைத் தேடுது, அங்க எதுவுமே இல்ல, டிசைன் போச்சு. நேத்து சொன்ன மாதிரி வெளித் தோலை உரிச்சு ரூட்லயே வெச்சா இது தானா சரியாயிடும், அந்தப் பக்கத்துல ஒரு எழுத்து கூட மாத்த வேணாம்.

அதே லிங்க் உங்க கம்ப்யூட்டர்ல டபுள் கிளிக்ல திறந்தா வேலை செய்யவே செய்யாது, ஏன்னா அங்க ரூட்னா சி டிரைவ்! நீங்க அந்தப் பக்கத்தை உங்க மெஷின்ல தனியாத் திறந்து பாக்கலன்னு நினைக்கிறேன், முகப்பை மட்டும் பாத்திருப்பீங்க.

அதனால டபுள் கிளிக்ல சோதிக்கறதை விட்டுடுங்க. பைத்தான் இருந்தா அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு அதோட ஹெச்டிடிபி சர்வர் மாட்யூலை ஒரு வரில ஓட்டலாம், லோக்கல்ஹோஸ்ட்ல 8000 போர்ட்ல சைட் வரும், நிஜ சர்வர் மாதிரியே ரூட்ல இருந்து பரிமாறும். விஎஸ் கோடுல லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டவங்களுக்கு அதுவும் போதும். பெரிய எழுத்து சின்ன எழுத்து விஷயத்தை மட்டும் விண்டோஸ்ல இதுவும் பிடிச்சுத் தராது.

எந்த மாதிரி லிங்க் எழுதணும்னா, சைட் எப்பவுமே டொமைன் ரூட்லதான் இருக்கப்போகுதுன்னா கோடு போட்டு எழுதுங்க, ஃபைலை எந்த ஆழத்துக்கு நகத்தினாலும் உடையாது. ஒரு சோதனை ஃபோல்டர்ல, சப் ஃபோல்டர்ல எல்லாம் வைக்க வேண்டி வரும்னா கோடு இல்லாத லிங்க். ரெண்டையும் கலக்கறதுதான் தொல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு 404 பக்கம் (கேட்டது கிடைக்கலன்னா சர்வர் காட்டறது). அது எந்த அட்ரஸ்ல வேணா காட்டப்படும், மூணு படி ஆழத்துல ஒரு தப்பான லிங்கை யாராவது அடிச்சா அந்த ஆழத்துல இருந்துதான் பிரௌசர் சிஎஸ்எஸ்ஸைத் தேடும். அதனால அதுல மட்டும் எப்பவும் முன்னாடி கோடு.

இன்னொண்ணு, பின்சாய்கோடு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்ல இருந்து பாதையை காப்பி பண்ணி ஒட்டினா அந்தக் கோடு வரும். வெப்ல பாதைக்கு முன்சாய்கோடு மட்டும்தான். சி டிரைவ்ல ஆரம்பிக்கற முழுப் பாதை ஹெச்டிஎம்எல்ல எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாத்துடுங்க, சில பழைய எடிட்டர்கள் தானாவே எழுதி வெச்சிடும்.

—

ஜூன் 4

ஒரு சின்ன விஷயம், மறக்கறதுக்கு முன்னாடி. விண்டோஸ்ல எக்ஸ்டென்ஷனை மறைச்சு வெச்சிருந்தா நோட்பேட்ல சேவ் பண்ணின இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல் நிஜத்துல இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல் டாட் டெக்ஸ்டா இருக்கலாம். கண்ணுக்குச் சரியாத் தெரியும், சர்வர் கண்டுக்காது. எக்ஸ்ப்ளோரர்ல எக்ஸ்டென்ஷன் காட்டுன்னு போட்டுடுங்க. எல்லாம் சரியா வெச்சும் 403ன்னா முதல்ல இதைப் பாருங்க.

—

ஜூன் 6

வேற ஒருத்தர் கேட்டது: ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபைல், எஃப்டிபில (ஃபைல்ஜில்லா ஃபைலை அனுப்பற முறை) போட்டா நாள் பூரா ஓடுது, ஜிப் பண்ணி ஏத்தி அங்க பிரிக்கலாமா?

தாராளமா. எஃப்டிபி மெதுவா இருக்கறதுக்குக் காரணம் உங்க நெட் இல்ல. எஃப்டிபில கட்டளை போற இணைப்பு ஒண்ணு, டேட்டா போற இணைப்பு வேற. சாதாரணமா ஒவ்வொரு ஃபைலுக்கும் புதுசா ஒரு டேட்டா இணைப்பைத் திறந்து, அனுப்பி, மூடுது. ஒரு கேபி ஃபைலுக்கும் அதே சடங்கு, நூறு எம்பி ஃபைலுக்கும் அதே சடங்கு. ஜிப்னா ஒரே தடவை.

ஆனா ஃபோல்டர் அமைப்பு கெட்டுப்போறதுக்கு ஜிப் ஒரு நல்ல வாய்ப்பு. ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி ஜிப் ஆக்கினா உள்ள அந்த ஃபோல்டரும் சேர்ந்து போகும், சர்வர்ல பிரிச்சா மறுபடி என்சைட் உள்ள என்சைட்ங்கற அதே நிலைமை. சில பேனல்கள் பிரிக்கும்போது ஜிப் பேர்லயும் ஒரு ஃபோல்டர் போட்டுடும், மூணு அடுக்கு ஆயிடும். உள்ள போய் நின்னு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, அந்த செலக்‌ஷனை ஜிப் பண்ணுங்க. மேக்ல பண்ணினா அடிக்கோட்டுல ஆரம்பிக்கற மேக்ஓஎஸ்எக்ஸ்னு ஒரு ஃபோல்டர் வந்து ஒட்டிக்கும், அழிச்சிடலாம், ஒண்ணும் ஆகாது.

ஒரு தடவை தெரிஞ்சவர் ஒருத்தரோட சைட்ல ஒரு விசித்திரம் பாத்தேன். பிரிச்ச ஃபோல்டருக்குள்ள உள் ஃபோல்டரே இல்ல, அதுக்குப் பதிலா "சிஎஸ்எஸ்\ஸ்டைல்"னு நடுவுல பின்சாய்கோடோட ஒரே ஃபைல் பேரா வரிசையா நிக்குது. ஃபைல் எல்லாம் இருக்கு, எண்ணிக்கையும் சரி, சைட் மட்டும் வரல. காரணம் ஜிப் பண்ணின டூல். மைக்ரோசாஃப்டோட டாட்நெட் ஃப்ரேம்வொர்க்ல 4.6.1க்கு முந்தின வெர்ஷன்ல எழுதின டூல்கள் ஜிப்புக்குள்ள பின்சாய்கோடு போட்டுடும், லினக்ஸுக்கு அது ஃபோல்டர் பிரிப்பானே இல்ல, பேர்ல இருக்கற இன்னொரு எழுத்து, அவ்ளோதான். வேற டூல்ல ஜிப் பண்ணினதும் சரியாயிடுச்சு. இந்த ஒரு அடையாளத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பாத்தவுடனே காரணம் தெரிஞ்சுடும்.

பிரிச்ச கையோட அந்த ஜிப் ஃபைலை அழிச்சுடுங்க. ரூட்ல பேக்அப் டாட் ஜிப் கிடந்தா பேரை ஊகிச்சு யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம், உங்க முழு சைட்டும், உள்ள டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தா அதுவும் சேர்ந்து போகும்.

—

ஜூன் 7

ஆர்சிங்க் (ரெண்டு இடத்து ஃபோல்டரையும் ஒண்ணா ஆக்கற கட்டளை) பத்தி எழுதச் சொன்னாங்க. எஸ்எஸ்ஹெச் அக்சஸ் (சர்வருக்குள்ள பாதுகாப்பா நுழைஞ்சு கட்டளை குடுக்கற வழி) இருந்தா நான் வேற எதையும் தொடறதே இல்ல. மாறின ஃபைலை மட்டும் அனுப்பும், ஃபோல்டர் அமைப்பை அச்சு அசலா வைக்கும். ஆனா அதுல ஒரு சாய்கோட்டுக்கு உயிர் இருக்கு: எங்கிருந்துன்னு குடுக்கற பாதையோட கடைசியில கோடு போட்டா "ஃபோல்டருக்குள்ள இருக்கறதை அனுப்பு", போடலன்னா "ஃபோல்டரையே அனுப்பு". முதல் நாள் கேள்வியில இருந்த அதே தோல் சமாச்சாரம், இங்க ஒரு எழுத்துல அடங்கியிருக்கு. போய்ச் சேர்ற பக்கத்துல கோடு இருக்கா இல்லையாங்கறது இதை மாத்தாது.

எஸ்சிபி (எஸ்எஸ்ஹெச் வழியா காப்பி பண்ற கட்டளை) இதுல கொஞ்சம் குழப்பம் பிடிச்சது. ஒரு ஃபோல்டரை அனுப்பும்போது, நீங்க சொன்ன இடம் அங்க ஏற்கனவே இருந்தா அதுக்குள்ள புதுசா ஃபோல்டர் போடும், இல்லன்னா அந்தப் பேர்லயே உருவாக்கிடும். அதாவது ஒரே கட்டளையை ரெண்டு தடவை ஓட்டினா முதல் தடவை ஒரு அமைப்பு, ரெண்டாம் தடவை வேற அமைப்பு. சைட் ஏத்தறதுக்கு எனக்கு இது பிடிக்காது.

ஆர்சிங்க்ல டெலீட் ஆப்ஷன் இருக்கு, உங்க பக்கம் இல்லாத ஃபைலை சர்வர்ல அழிக்கும். நகல்னா அப்படித்தான் இருக்கணும், நல்ல விஷயம்தான், ஆனா பயனாளிகள் ஏத்தின படம் சர்வர்ல மட்டும்தான் இருக்குன்னா அதையும் துடைச்சிட்டுப் போயிடும். அந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணுங்க. அதுக்கும் மேல, முதல்ல ட்ரை ரன் போடுங்க, என்ன செய்யப்போறேன்னு லிஸ்ட் மட்டும் காட்டும், எதையும் தொடாது. அதைப் படிக்காம டெலீட் ஓட்டறதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

—

ஜூன் 7, இரவு

ஃபைல் அனுமதி எண்ணை 777னு போட்டா எல்லாம் சரியாயிடும்னு எழுதினவருக்கு: வேண்டாம், தயவுசெஞ்சு அந்த அறிவுரையை யாருக்கும் குடுக்காதீங்க. 777ன்னா அந்த மெஷின்ல இருக்கற எந்த யூசரும், எந்த ப்ராசஸும் அங்க எழுதலாம். ஒரே மெஷினைப் பல பேர் பகிர்ந்துக்கற ஹோஸ்டிங்ல அதுக்கு அர்த்தம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. சில சர்வர்கள் 777 பாத்தாலே பிஹெச்பி ப்ரோகிராமை ஓட்ட மறுத்து 500 (சர்வர் பிழை) குடுக்கும், அதுவும் நல்லதுக்குத்தான்.

ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. இதுதான் வழக்கமான அளவு. ஏன் ரெண்டும் வேறன்னா, 755ல கூடுதலா இருக்கற எக்ஸிக்யூட் பிட் (ஓட்டற அனுமதி) இருக்கே, ஃபோல்டர்ல அதுக்கு "ஓட்டு"ன்னு அர்த்தம் இல்ல, "உள்ள நுழைஞ்சு கடந்து போ"ன்னு அர்த்தம். ஃபோல்டரையும் 644 ஆக்கிட்டா ஃபைல் இருக்கும், அனுமதியும் இருக்கும், ஆனா அதை வந்து சேர வழி இருக்காது, 403. ஒரே அடியா எல்லாத்துக்கும் ஒரே எண்ணைப் போடறவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க. ஃபைல்ஜில்லாவுல உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து அனுமதி மாத்தும்போது ஃபோல்டருக்கு மட்டும், ஃபைலுக்கு மட்டும்னு தனித்தனியா கேக்கும், அதைப் பயன்படுத்துங்க.

—

ஜூன் 9

கொஞ்சம் விலகிப் போறேன், ஆனா இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

படம் எல்லாம் போய்ச் சேர்ந்தது, பாதை சரி, பேர் சரி, ஆனா படம் உடைஞ்சு தெரியுதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். எஃப்டிபில ஆஸ்கி மோடு, பைனரி மோடுன்னு ரெண்டு இருக்கு. ஆஸ்கி மோடுல அனுப்பினா வரி முடிவை மாத்தி எழுதும், விண்டோஸ்ல ஒரு வரி முடிய ரெண்டு பைட், லினக்ஸ்ல ஒரே பைட், அதுக்காக வந்த வசதி. படத்துக்குள்ளயும் தற்செயலா அதே பைட்டுகள் இருக்கும், அதையும் "திருத்தி"டும், படம் நாசம். ட்ரான்ஸ்ஃபர் டைப்பை பைனரின்னு வெச்சுடுங்க, ஹெச்டிஎம்எல்லுக்கும் பைனரியே போதும்.

பிஎன்ஜி வடிவமைச்சவங்க இதை முன்னாடியே யோசிச்சிருக்காங்க. எந்த பிஎன்ஜி ஃபைலை எடுத்தாலும் முதல் 8 பைட் ஒரே மாதிரிதான்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இதுல 13ம் 10ம் சேர்ந்து விண்டோஸ் வரி முடிவு, கடைசி 10 லினக்ஸ் வரி முடிவு. வழியில யாராவது வரி முடிவை மாத்தினா இந்தத் தலைப்பகுதி முதல்ல கெட்டுப்போகும், படத்தைத் திறக்கற மென்பொருளுக்கு உடனே தெரிஞ்சுடும். முதல் பைட் 137ஆ இருக்கறதுக்கும் காரணம் உண்டு, 7 பிட் மட்டும் கடத்தற பாதையில போனா அது கெடும். 26 எதுக்குன்னா, பழைய டாஸ்ல டைப்ங்கற கட்டளையால ஃபைலைத் திரையில பாத்தா அதோட நிறுத்திடும், திரை முழுக்கக் குப்பை ஓடாது. எட்டே பைட்ல இவ்ளோ அக்கறை.

எஃப்டிபி இப்படி இருக்கறதுல ஆச்சரியம் இல்ல, அதோட வயசு அப்படி. அபய் பூஷண் எம்ஐடில இருந்தப்போ 1971 ஏப்ரல்ல அதோட முதல் வடிவத்தை எழுதினார், ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளைப் பதிவு பண்ற ஆவண வரிசை) 114. இன்னிக்கு இணையம் ஓடற டிசிபி/ஐபியை விடவே மூத்தது. இன்னிக்கும் அடிப்படையா இருக்கறது 1985ல வந்த ஆர்எஃப்சி 959. அந்தக் காலத்து வலைப்பின்னல்ல பாஸ்வேர்டை அப்படியே அனுப்பினாங்க, இன்னிக்கும் சாதாரண எஃப்டிபி அப்படித்தான் அனுப்புது, நடுவுல இருக்கற யாரும் படிக்கலாம். உங்க ஹோஸ்டிங்ல எஸ்எஃப்டிபி இருந்தா அதையே பிடிச்சுக்கோங்க, 22ஆம் போர்ட், எஸ்எஸ்ஹெச் வழியா போறது. எஃப்டிபிஎஸ்ங்கறது வேற, பழைய எஃப்டிபியையே டிஎல்எஸ்ங்கற குறியாக்க உறைக்குள்ள போடறது, அதுவும் பாதுகாப்புதான். ரெண்டும் பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கே தவிர ஒண்ணோட க்ளையண்ட் அமைப்பு இன்னொண்ணுக்குச் சேராது.

—

ஜூன் 10

முந்தி எழுதின ஒண்ணுக்கு ஒரு வால் சேர்க்கணும். பேரெல்லாம் சின்ன எழுத்துக்கு மாத்துங்கன்னு சொன்னேன். புது சைட்டுக்கு அது சரி. ஏற்கனவே ஓடிட்டிருக்கற சைட்னா பழைய அட்ரஸை மத்தவங்க லிங்க் பண்ணியிருப்பாங்க, தேடல்ல பதிவாகியிருக்கும். அங்க பேரை மாத்தினா பழைய அட்ரஸ்ல இருந்து புதுசுக்கு 301 (நிரந்தரமா திருப்பி விடற ரீடைரக்ட்) போடணும், போட முடியலன்னா பழைய பேரையே விட்டுடுங்க, அழகுக்காக மத்தவங்க லிங்கை உடைக்க வேணாம்.

கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கற டூல்) வெச்சிருக்கறவங்களுக்கு: விண்டோஸ்லயோ மேக்லயோ எழுத்தை மட்டும் பெரிசுல இருந்து சின்னதா மாத்தினா கிட் அதைக் கண்டுக்காமலே விடலாம், கமிட்ல பழைய பேரே போகும், சர்வர்ல பழைய பேரே வரும். கிட்டோட எம்வி கட்டளையிலயே பேரை மாத்துங்க.

—

ஜூன் 12

தமிழ்லயே ஃபைல் பேர் வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு இருந்தேன்.

வைக்கலாம். எதுவும் தடுக்கல. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு வைங்க. யூடிஎஃப்-8ல (யூனிகோட் எழுத்தை பைட்டா சேமிக்கற முறை) ஒரு தமிழ்க் குறி 3 பைட். லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துல ஒரு பேருக்கு 255 பைட்தான் இடம், அப்ப 85 குறிதான் கொள்ளும். "கி"ங்கறதே ரெண்டு குறி (க ஒண்ணு, இகரக் குறி ஒண்ணு), அதனால நீளமான தலைப்பை அப்படியே பேரா வைக்க முடியாது. லிங்க்ல போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட மூணு எழுத்தா விரியும், ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து. பிரௌசர் மேல அழகா தமிழ்ல காட்டும், காப்பி பண்ணி ஒட்டினா அரைப் பக்கத்துக்கு சதவீதக் குறியா கொட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கொம்பும் காலும். "கொ" எழுத ரெண்டு வழி உண்டு. கக்கு அப்புறம் ஒகரக் குறி ஒரே குறியா வரலாம், இல்லன்னா ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா வரலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரி. யூனிகோட் விதிப்படியும் ரெண்டும் சமம்தான். "கோ"வுக்கும் "கௌ"வுக்கும் இதே கதை. ஆனா லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் பேரை வெறும் பைட்டாத்தான் பாக்குது, பைட் வேறன்னா ஃபைல் வேற. மேக்ல ஹெச்எஃப்எஸ் ப்ளஸ்ங்கற பழைய ஃபைல் சிஸ்டம் என்ன பண்ணும்னா நீங்க எப்படி டைப் பண்ணாலும் பிரிச்சுத்தான் சேமிக்கும். அதை அப்படியே ஏத்தினா சர்வர்ல பேர் பிரிஞ்ச வடிவத்துல, ஹெச்டிஎம்எல்ல நீங்க டைப் பண்ணினது சேர்ந்த வடிவத்துல. 404. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு உத்துப் பாத்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அதுக்குப் பதிலா 2017ல வந்த ஏபிஎஃப்எஸ் இப்படிப் பிரிக்கறது இல்ல, குடுத்த வடிவத்தையே வெச்சுக்கும். ஆனா தேடும்போது ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கும், அதனால உங்க மெஷின்ல எல்லாம் வேலை செய்யும், சர்வருக்குப் போனாத்தான் தெரியும். முதல் நாள் பாத்த பெரிய எழுத்து சின்ன எழுத்து பிரச்சனையேதான், நம்ம எழுத்துல வேற உருவத்துல வருது. ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் டிஸ்க்ல இருந்து ஆர்சிங்க் பண்றவங்களுக்கு ஐகான்வ் ஆப்ஷன்ல யூடிஎஃப்-8-மேக்ல இருந்து யூடிஎஃப்-8க்கு மாத்தச் சொல்ற வழி இருக்கு.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தமிழ் அட்ரஸ் இருக்கணும்ங்கறது என் ஆசையும்தான். ஒரு சிஎம்எஸ் (பக்கங்களை நிர்வகிக்கற மென்பொருள்) அந்த அட்ரஸை டேட்டாபேஸ்ல வெச்சுப் பரிமாறினா ஃபைல் சிஸ்டம் நடுவுல வராது, அங்க தைரியமா வைங்க. ஆனா படம், சிஎஸ்எஸ் மாதிரி வட்டுல உக்கார்ற ஃபைலுக்கு நான் இன்னும் ரோமன் எழுத்துலதான் பேர் வைக்கிறேன். மனசு ஒப்பலதான்.

—

ஜூன் 13

புள்ளியில ஆரம்பிக்கற ஃபைல்கள். டாட் ஹெச்டிஅக்சஸ் (ரீடைரக்ட் மாதிரி விதிகளை அப்பாச்சிக்குச் சொல்ற ஃபைல்) மாதிரி. மேக்ல, லினக்ஸ்ல இதுங்க கண்ணுக்குத் தெரியாது, எல்லாத்தையும் செலக்ட் பண்ணும்போது இதை விட்டுட்டே மத்தது மட்டும் போயிடும், அப்புறம் ரீடைரக்ட் எதுவும் வேலை செய்யலன்னு தேடிட்டிருப்போம். ஃபைல்ஜில்லாவுல சர்வர் மெனுவுல மறைஞ்ச ஃபைல்களைக் கட்டாயமா காட்டுன்னு ஒண்ணு இருக்கு, போட்டுடுங்க.

போகக்கூடாத புள்ளி ஃபைலும் இருக்கு. டாட் கிட் ஃபோல்டர் ரூட்ல போய் உக்காந்தா உங்க முழு வரலாறையும் வெளில இருந்து எடுத்துடலாம். டாட் என்வில பாஸ்வேர்டு, கீ எல்லாம் இருக்கும். இதை மட்டும் தேடித் திரியற ரோபோக்கள் இருக்கு, எந்த சைட்டோட அக்சஸ் லாகையும் திறந்து பாருங்க, இந்த ரெண்டு பேரும் இருக்கும். ரகசியம் எதுவா இருந்தாலும் டாக்குமெண்ட் ரூட்டுக்கு ஒரு படி மேல வைங்க. அட்ரஸால அங்க போகவே முடியாது, பிஹெச்பியால மட்டும் படிக்க முடியும். ரூட்டுக்கு வெளியே ஏன் இடம் குடுத்திருக்காங்கன்னு ஒருத்தர் கேட்டாரே, இதுக்கும்தான்.

—

ஜூன் 14

அப்லோட் நடக்கற அந்தச் சில நிமிஷத்துல வர்றவங்களையும் நினைச்சுக்கோங்க. ஹெச்டிஎம்எல் முதல்ல போய், அது கேக்கற சிஎஸ்எஸ் இன்னும் வரலன்னா அவங்களுக்கு உடைஞ்ச பக்கம் தெரியும். அதனால படம், சிஎஸ்எஸ், ஜேஎஸ் முதல்ல, ஹெச்டிஎம்எல் கடைசில. எஸ்எஸ்ஹெச் இருந்தா புது ஃபோல்டர்ல முழுசா ஏத்தி, எல்லாம் சரின்னு பாத்துட்டு, சிம்லிங்கை (வேற ஃபோல்டரைச் சுட்டிக்காட்டற குறுக்குவழி) மட்டும் புதுசுக்குத் திருப்பலாம், சிக்கல்னா திரும்பப் பழசுக்குத் திருப்ப ஒரு நொடி.

முடிஞ்சதும் எண்ணிப் பாருங்க, உங்க பக்கம் எத்தனை ஃபைல், அங்க எத்தனை. ஃபைல்ஜில்லாவுல கீழ தோல்வியடைஞ்ச ட்ரான்ஸ்ஃபர்னு ஒரு டேப் இருக்கு, வியூ மெனுவுல ரெண்டு பக்க ஃபோல்டரையும் ஒப்பிடற வசதியும் இருக்கு, அளவு வித்தியாசப்படறதைக் கலர்ல காட்டிடும். பாதியில அறுந்த ஃபைல் இதுல மாட்டும்.

புதுசா ஏத்தியும் பழசே தெரியுதுன்னா மறுபடி மறுபடி ஏத்தாதீங்க, பிரௌசர் கேஷா இருக்கும். கண்ட்ரோல் எஃப்5 அடிச்சுப் பாருங்க. அது உங்களுக்கு மட்டும்தான் சரியாகும், வர்றவங்களுக்கும் புதுசு போகணும்னா சிஎஸ்எஸ் லிங்க்ல கேள்விக்குறி போட்டு ஒரு வெர்ஷன் எண் சேருங்க.

—

ஜூன் 15

கேள்வி கேட்டவர் தகவல் அனுப்பியிருக்கார்: தோலை உரிச்சு ரூட்ல போட்டாராம், பேரெல்லாம் மாத்தினாராம், படம் எல்லாம் வருது, அந்தப் பக்கத்துக்கும் டிசைன் வந்துடுச்சு. ரொம்ப சந்தோஷம். டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் டேப்பைத் திறந்து பாத்தப்போ சிவப்புல ஒண்ணே ஒண்ணு மிச்சம், ஃபேவிகான் டாட் ஐகோ, நான் அப்படி ஒரு லிங்கே எழுதலையேங்கறார்.

எழுத வேணாம், பிரௌசர் தானாவே டொமைன் ரூட்ல அந்தப் பேர்ல கேக்கும். ஒரு சின்ன ஐகானை அந்தப் பேர்லயே, சின்ன எழுத்துல, இண்டெக்ஸுக்குப் பக்கத்துல வைங்க. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டர்ல முதல்ல, அப்புறம் சர்வர்ல. பழைய என்சைட் ஃபோல்டர் இன்னும் பப்ளிக்_ஹெச்டிஎம்எல்லுக்குள்ள கிடக்குன்னா அதையும் எடுத்துடுங்க, இல்லன்னா ஒரே சைட் ரெண்டு அட்ரஸ்ல நிக்கும்.